மூக்குல ஈயம் போடு, தம்பி

வா தம்பி. பசியாறிட்டியா? அந்தப் பெட்டியை முதல்ல கீழ வை. மழை நனைக்காம சட்டைக்குள்ள பொத்தி எடுத்துட்டு வர்றப்பவே தெரிஞ்சுபோச்சு, உள்ள இருக்கிறது உங்கம்மா வாங்கிட்டு வரச் சொன்ன மருந்து இல்லேன்னு. ஈப்போவுக்குப் போனா மருந்து மறந்துபோகும், பிளேன் பெட்டி மறக்காது. காட்டு பார்ப்போம். ம்ம்... மெஸ்ஸர்ஷ்மிட். போன தடவையும் இதேதானே? ஓ, அது ஜி-6, இது எஃப்-4. அதுக்கு மூக்கு மேல ரெண்டு பக்கமும் புடைப்பு இருக்கும், இதுக்கு வழவழன்னு இருக்கும். சரிதான். உன் பெரியம்மா வீட்டு ரெட்டைப் பிள்ளைங்கள்ல எவன் மூத்தவன்னு இன்னைக்கு வரைக்கும் உனக்குத் தெரியாது. ஜெர்மன்காரன் பிளேன்ல எஃப் எது ஜி எதுன்னு மட்டும் இருட்டுல தடவிப் பார்த்தே சொல்லிருவ.

கோவிச்சுக்காத, உக்காரு. நான் உன்னைத் தடுக்கிற ஆளு இல்ல. உன் வயசுப் பையனுங்க சாயங்காலமானா எங்க கூடுறானுங்க, எதைக் குடிச்சிட்டு மோட்டோவை எந்தக் கான்ல கொண்டுபோய் விடுறானுங்கன்னு திரிங்காப் பூராவுக்கும் தெரியும். அதுக்கு நீ அறையைச் சாத்திட்டுப் பசையும் பிளேனுமா உக்காந்திருக்கிறது எவ்வளவோ தேவலாம். ஜன்னலை மட்டும் திறந்து வை. அந்தப் பசை வாடையில உங்கம்மாவுக்குத் தலைவலி வருதாம், வந்து எங்கிட்ட அழறா.

ஆமா, கட்டிலுக்கு அடியில எத்தனை பெட்டி வெச்சிருக்க? சொல்ல வேணாம், கூட்டுறப்ப துடைப்பம் உள்ள போகலேன்னு அவளே சொல்லிட்டா. கட்டி முடிச்சது எத்தனை? சரி, அதையும் சொல்ல வேணாம். இதுல பெரிய ஆளாகணும்னா நான் ஒரு வழி சொல்றேன் கேளு. பெட்டியைத் திறக்கவே திறக்காத. திறந்தா ஒட்டணும். ஒட்டினா இடுக்கு தெரியும். இடுக்குத் தெரிஞ்சா பட்டி வெச்சுத் தேய்க்கணும், தேய்ச்சா பக்கத்துல இருக்கிற கோடும் சேர்ந்து அழியும், அந்தக் கோட்டை மறுபடி ஊசியால கீறணும். திறக்காத பெட்டியில பாரு, இடுக்கும் கிடையாது, பெயிண்ட் வழியாது, இறக்கை கோணாது. மூடி மேல இருக்கிற படத்தைப் பார்த்துப் பார்த்தே ஆயுசைக் கழிச்சிரலாம். உலகத்துல பாதிப் பேரு அப்படித்தான் இந்தக் கலையை வளர்க்கிறான்.

இந்த வியாபாரம் எப்படித் தொடங்கிச்சுன்னு தெரியுமா உனக்கு? ஏர்ஃபிக்ஸ் ஏர்ஃபிக்ஸ்னு சொல்றியே, 1939-ல நிக்கோலஸ் கோவ்ங்கிற ஹங்கேரிக்காரர் இங்கிலாந்துல போட்ட கம்பெனி அது. அப்ப அவருக்கும் பிளேனுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. காத்தடைச்ச ரப்பர் பொம்மை வித்தாரு. அப்புறம் சீப்பு. தலை வாருற சீப்பேதான். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள்ள அடிக்கிற மெஷினை அதுக்குத்தான் வாங்கினாரு. 1949-ல ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு ஒரு குட்டி டிராக்டர் வேணும்னு கேட்க, அதைச் செஞ்சாங்க. அதுதான் பிள்ளையார் சுழி. ஸ்பிட்ஃபயர் வந்தது அதுக்குப் பின்னாடி, 1950-களோட தொடக்கத்துல. பிளாஸ்டிக் பையில போட்டு உல்வொர்த் கடையில 2 ஷில்லிங்குக்கு வித்தானாம். நீ சாமி கணக்கா கும்பிடுற டாமியா இருக்கே, அது ஷிஸுவோக்காவுல மரக்கடை. மரம் அறுத்தவன் மரப்பொம்மை செஞ்சான், 1960-லதான் பிளாஸ்டிக்குல யமாட்டோ போர்க்கப்பலை அடிச்சான், அதுவும் சரியா ஓடலை. சீப்பு வித்தவனும் மரம் அறுத்தவனும் ஆளுக்கு நூறு, இருநூறு வெள்ளின்னு உன் சம்பளத்தைப் பங்கு போட்டுக்கிட்டு இருக்கானுங்க. பொழைக்கத் தெரிஞ்சவனுங்க.

இதைப் பொம்மைன்னு சொன்னா உனக்கு மூஞ்சி சுருங்கிடுதுல்ல? அதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்கேன், யாராச்சும் கேலி பண்ணா சொல்லு. 1942-ல அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககிட்ட மரத்துல 500,000 பிளேன் செதுக்கித் தரச் சொல்லிக் கேட்டுச்சு. வானத்துல வர்றது நம்மாளா எதிராளியான்னு சிப்பாய்ங்களுக்குப் பழக்கிவிடுறதுக்கு. எல்லாம் உன்னோட அதே 1/72 அளவு. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 35 அடி தூரத்துல அந்தப் பொம்மையைப் பிடிச்சா, நிஜ பிளேனைக் கிட்டத்தட்ட அரை மைல் தூரத்துல பார்க்கிற அதே உருவம் கண்ணுக்குத் தெரியும். பெருக்கிப் பாரு, கணக்குக் கிட்டத்தட்ட சரியா வரும். அந்த 72 ஏன் 72-ன்னும் கேட்டுக்க. ஒரு இஞ்சுக்கு ஆறு அடி, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் அடிக்கோலை வெச்சுக்கிட்டு கண்டுபிடிச்சது. 1932-ல ஸ்கைபேர்ட்ஸ்ங்கிற பேருல மரத்துல வித்தப்பவே அந்த அளவு வந்துருச்சு.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நானும் அளந்து பார்த்தேன். நான் அஞ்சரை அடி. உன் கணக்குல ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. கொழுந்து எடுக்க வாட்டமா இடுப்பளவுக்குக் கவாத்து பண்ணி வெச்ச தேயிலைச் செடி மூணடி. அது அரை இஞ்சு. அப்ப ஒரு மலைச்சரிவையே உன் மேசை மேல நட்டுரலாம். நீ என்னடான்னா ரஷ்யாவுல பனி கொட்டின மாதிரி பேக்கிங் சோடா தூவிக்கிட்டு இருக்க. உங்க பாட்டி தேயிலைச் சக்கையைத் தினமும் ரோஜாச் செடிக்குக் கொட்டுறா. அதை வெயில்ல நல்லாக் காய வெச்சு, சலிச்சு, பசையில ஒட்டினா காட்டுத் தரைக்கு அதைவிட அசல் வேற கிடையாது. வெளிநாட்டுல இந்த வேலை செய்யிறவனெல்லாம் அதைத்தான் தூவுறான். நீ ஆன்லைன்ல காஞ்ச இலைன்னு ஒரு ஜாடி வாங்கினியே, மோந்து பாரு, நம்ம பேக்டரிக் குப்பையாத்தான் இருக்கும். ஆனா முழுசாக் காயணும். நம்ம ஊரு ஈரத்துல அரைகுறையா ஒட்டினா ரெண்டு வாரத்துல உன் போர்க்களத்துல வெள்ளைப் பூஞ்சை பூத்து நிக்கும்.

இப்ப சமாச்சாரத்துக்கு வரேன். உள்ளூர்ல ஓணான் பிடிக்காதவன் உடையார்பாளையம் போய் உடும்பு பிடிப்பானாங்கிறது நம்மூருப் பழமொழி. நீ அதையும் தாண்டிட்ட. நேரா பெர்லினுக்கே போயிட்ட. நீ கட்டின மெஸ்ஸர்ஷ்மிட்டுல ஒண்ணாச்சும் நம்ம மலை மேல பறந்திருக்கா? நான் சின்னப்பையனா இருந்தப்ப இந்த வானத்துல போனது எதெதுன்னு சொல்றேன். அதுல ஒண்ணே ஒண்ணு உன் கண்ணாடி அலமாரியில இருந்தா நான் மீசையை எடுத்துக்கிறேன்.

1948 ஜூன்ல சுங்கை சிப்புட்டுப் பக்கம் மூணு வெள்ளைக்காரத் துரைங்களைக் கம்யூனிஸ்ட்டுங்க சுட்டாங்க. அன்னைக்குப் பிடிச்ச அவசரகாலம் 1960 ஜூலைல தான் விட்டுச்சு. சீனக் குடும்பங்களைக் காட்டோரத்துல இருந்து கிளப்பிக் கொண்டாந்து முள்வேலிக்குள்ள குடி வெச்சாங்க. இன்னைக்கு நீ வாங்டான் மீ சாப்பிடப் போறியே திரிங்காப் புதுக்கம்பம், அதுக்கெல்லாம் மூலம் அந்தக் கதைதான். தோட்டத்துல எங்களுக்கு மட்டும் சும்மாவா? வேலைக்காட்டுக்குப் போறவன் சோறு கட்டிட்டுப் போகக் கூடாது. கேட்டுல நிப்பாட்டி மடியைத் தடவுவான், பொம்பளைங்க கூடையைக் கவுத்துப் பார்ப்பான். ஒரு பிடி அரிசி இருந்தாலும் வம்பு. கடைக்காரன் டின் மீன் விக்கிறப்பவே டின்னுல ஓட்டை போட்டுத்தான் கொடுக்கணும், காட்டுக்குள்ள இருக்கிறவனுக்குப் போய்ச் சேர்ந்து அவன் சேர்த்து வெச்சுக்கக் கூடாதுன்னு. எங்கம்மா அந்த ஓட்டை டின்னைத் துணியில சுத்தி, எண்ணெய் வழியாம நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு மலை ஏறுவா. மேல டக்கோட்டா, வாலெட்டான்னு ரெட்டை எஞ்சின் பிளேனுங்க போகும். காட்டுக்குள்ள இருக்கிற பட்டாளத்துக்குச் சாப்பாடு போட. குடை விரிச்சு இறங்கிற பெட்டிக்குள்ள என்ன? டின்னு. ஓட்டை இல்லாத டின்னு. உன் அலமாரியில ஒரு வாலெட்டா இருக்கா?

இல்ல. சரி, மேல கேளு.

காட்டுக்குள்ள ஒராங் அஸ்லி ஆளுங்களைக் கைக்குள்ள வெச்சுக்க கோட்டைன்னு கட்டினான் வெள்ளைக்காரன். கோட்டைன்னா செங்கோட்டை இல்ல, மூங்கிலும் மண்ணும்தான். கேமரன் மலைக்குள்ள தெலானோக், அந்தப் பக்கம் கிளந்தான் எல்லையில புரூக். ரோடு கிடையாது. அங்க இறங்கிறதுக்குன்னே பிரிட்டிஷ் விமானப்படை 1954 வாக்குல பயனியர்னு ஒரு பிளேன் கொண்டாந்துச்சு. ஸ்காட்லாந்துல செஞ்சது. ஒத்தை எஞ்சின், இறக்கை தலைக்கு மேல, பைலட்டைத் தவிர நாலு பேரு போகலாம். இறக்கையோட முன்பக்கமும் பின்பக்கமும் மடல் மடலா இறங்கும், அப்ப நடந்து போறவன் வேகத்துக்கு வந்துட்டதோன்னு தோணும். நூறு, நூத்தம்பது கெஜம் புல்லுத் தரை கிடைச்சா இறங்கி, திரும்பவும் ஏறிப் போயிரும். மலைப் பள்ளத்தாக்குக்குள்ள ஒரு தடவை இறங்க ஆரம்பிச்சா, வேணாம்னு திரும்பி வர முடியாத தளமெல்லாம் இருந்துச்சு. உன் ஜெர்மன் வீரனுங்க எத்தனை பேரு அதைச் செஞ்சிருப்பானுங்க? இறக்கை நீளம் 50 அடிக்கு மூணு இஞ்சு கம்மின்னு வெச்சுக்க. உன் மேசையில எட்டு இஞ்சுக்குச் சொச்சம். இடம்கூட அடைக்காது.

ஸ்பிட்ஃபயர் பைத்தியம் பிடிச்சவன் நீ. எத்தனை கட்டியிருக்க? எல்லாம் இங்கிலீஷ் கால்வாய் மேல பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படையோட ஸ்பிட்ஃபயர் கடைசியா வேலைக்குக் கிளம்பினது எங்கன்னு சொல்லு பார்ப்போம். ம்? 1954 ஏப்ரல் 1. சிங்கப்பூர் செலெத்தார்ல இருந்து, 81-ஆம் படைப்பிரிவு, பி.எஸ். 888-ங்கிற நம்பரு. மலாயாக் காட்டை மேல இருந்து படம் பிடிக்கப் போச்சு. எஞ்சின் மூடி மேல கடைசின்னு பெயிண்டுல எழுதியே அனுப்புனானுங்க அந்தப் பட்டறைப் பையனுங்க. இத்தனை ஸ்பிட்ஃபயரு கட்டி வெச்சிருக்க, நம்ம நாட்டு மேல பறந்து ஓய்வு வாங்கினது ஒண்ணு இல்லியே. உன்னை என்ன பண்றது?

இன்னொண்ணு, இதைக் கவனமாக் கேளு. ஹார்னெட். டி ஹேவிலண்ட்காரன் செஞ்ச ரெட்டை எஞ்சின் சண்டை பிளேன். மரப்பலகையும் அலுமினியமும் சேர்த்துப் பசையில ஒட்டினது. எந்த நேரமும் பசையோட கிடக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? மலாயாவுல 1950-களோட நடுவரைக்கும் ராக்கெட்டும் குண்டும் போட்டுட்டுத் திரிஞ்சுச்சு. அப்புறம் ஓய்வு கொடுத்தாங்க, உடைச்சாங்க, எரிச்சாங்க. இன்னைக்கு உலகத்துல எந்தக் காட்சியகத்துக்குப் போனாலும் முழு ஹார்னெட் ஒண்ணு பார்க்க முடியாது. ஒண்ணுகூடக் கிடையாது. டிரம்பெட்டர்னு சீனாக்காரன் 1/48-ல பெட்டி போட்டிருக்கான். யோசிச்சுப் பாரு. மெஸ்ஸர்ஷ்மிட்டை எவன் வேணும்னாலும் டிக்கட் வாங்கி நேர்ல பார்த்துக்கலாம். ஹார்னெட்டைப் பார்க்கணும்னா உன் வீட்டுக்குத்தான் வரணும். அப்ப யார் வீடு காட்சியகம்?

பிரிகண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, அதோட கதை நம்ம சீதோஷ்ணத்துக்கே எழுதி வெச்ச கதை. கீழ பாஞ்சு வர்றப்ப வேகத்தைக் குறைக்க இறக்கையில தடுப்புப் பலகை விரியும். அதை விரிக்கிற துருத்தி தோல்ல செஞ்சது. இங்கிலாந்துல வரைஞ்சவனுக்கு நம்ம ஈரம் தெரியுமா? தோல் அழுகிப்போச்சு. ஒரு பக்கம் விரியும், இன்னொரு பக்கம் விரியாது, இறக்கையே பிச்சுக்கிட்டுப் போயிரும். பைலட்டோட போச்சு. நம்மாளுங்க சப்பாத்தை ராத்திரி அடுப்போரம் வெச்சுட்டுத் தூங்குவாங்க, பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னு. அதை ஒருத்தன் வந்து பார்த்துட்டுப் போயிருந்தா நாலு பேரு பொழைச்சிருப்பான்.

லிங்கன்னு நாலு எஞ்சின் குண்டு பிளேன். ஆஸ்திரேலியாக்காரன் 1950-ல இருந்து 1958 வரைக்கும் சிங்கப்பூர் தெங்காவுல இருந்து ஓட்டினான். 120 அடி இறக்கை, உன் அளவுல 20 இஞ்சு, உங்கம்மா தட்டு அடுக்குற அலமாரியைத்தான் கேட்கணும். அது போட்ட குண்டுல முக்கால்வாசி மரத்து மேலதான் விழுந்துச்சுன்னு அப்பவே பேசிக்கிட்டாங்க. மரமும் குரங்கும்தான் அதிகம் செத்திருக்கும். காட்டுக்குள்ள குடியிருந்த ஒராங் அஸ்லி என்ன ஆனான்னு யாரும் தலை எண்ணலை. நீ வாங்குற பெட்டி மூடியில மேகம் இருக்கு, நெருப்பு இருக்கு, பைலட் மூஞ்சிகூடத் தெரியுது. கீழ யார் இருந்தான்னு ஒரு படத்துலயாச்சும் போட்டிருக்கானா? பிளேன் கட்டுறவன் ரிவெட்டு எண்ணுறது தப்பில்ல. கீழ இருந்த தலையையும் எண்ணிக்க.

தேத்தண்ணி ஆறுது, குடி.

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம நாடே வாங்கினது இருக்கே. 1958 ஏப்ரல்ல வந்த முதல் பிளேன் ட்வின் பயனியர், லாங் ராஜாவாலின்னு பேரு வெச்சாங்க. அதுக்கப்புறம் 1967-ல தெபுவான். 1969-ல ஆஸ்திரேலியா சும்மா கொடுத்த சேபர். இங்கதான் உன் வித்தையைப் பார்க்கணும். கடையில கிடைக்கிறது பெரும்பாலும் அமெரிக்கச் சேபர். ஆஸ்திரேலியாக்காரன் அதே உடம்புக்குள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஏவன் எஞ்சினைத் திணிச்சான், அதுக்குக் காத்து பத்தலைன்னு வாயைப் பெருசாக்கினான். ஆறு மெஷின்கன்னைக் கழட்டிட்டு ரெண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கி வெச்சான். நீ அமெரிக்கப் பெட்டியை வாங்கி அப்படியே மலேசியக் கொடி ஒட்டி வெச்சா, விஷயம் தெரிஞ்சவன் பார்த்ததும் மூக்குப் பக்கம் ஆறு ஓட்டை இருக்குதேன்னு சிரிப்பான். நாலை அடைச்சுட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காத. துப்பாக்கி வாய் இருக்கிற இடமே வேற. ஆறையும் அடைச்சுட்டுப் புதுசாத் துளை போடணும்.

அப்புறம், சேபருக்கு மூணு கால், ஒண்ணு மூக்குக்கு அடியில. மூக்குல கனம் வைக்காம ஒட்டினா வாலைத் தரையில ஊணிக்கிட்டு வாயை மேல பார்த்து நிக்கும். தூண்டிலுக்குக் கட்டுற ஈயக்குண்டு வை. எங்க வைப்ப? சேபருக்கு மூக்கே ஓட்டை. காத்துக்குழாய்க்கும் மேல் ஓட்டுக்கும் நடுவுல, பைலட் உக்காருற பலகைக்கு அடியில, எங்கெல்லாம் சந்து இருக்கோ அங்கெல்லாம் திணிச்சு, ரெண்டு பாதியையும் டேப்பு போட்டு, இறக்கையை மாட்டி, விரல்ல தாங்கிப் பார்த்துட்டு அப்புறம் ஒட்டு. ஒட்டினதுக்கு அப்புறம் யோசனை வந்தா பிரயோஜனம் இல்ல. உன் ஸ்கைஹாக் முன்சக்கரத்தை மரப்பலகையில பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கியே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?

பெயிண்டுக்கு வருவோம். நீ போன வாரம் மேல் பூச்சு அடிச்சதும் பிளேன் பூராவும் வெள்ளை பூத்துப்போச்சு, பெயிண்ட் கலப்படம்னு கடைக்காரனைத் திட்டின. கடைக்காரன் பாவம். நாங்க பேக்டரியில லோரிக்கு லேக்கர் அடிச்சவனுங்க. தின்னர் ஆவியாப் போறப்ப அந்த இடத்தைக் குளிர வைக்கும். வெளிய மூடுபனி முட்டிக்கிட்டு நிக்கிறப்ப காத்துல இருக்கிற ஈரம் வந்து அதுல படிஞ்சு பால் பூக்கும். ஷிஸுவோக்காவுல ஏசி அறையில உக்காந்து பெயிண்டுக்குக் குறிப்பு எழுதினவனுக்கு பிரிஞ்சாங் மலையில நாலு மணிக்கு இறங்குற பனி தெரியாது. காலையில பத்து மணிக்கு மேல வெயில் அடிக்கிறப்ப அடி. பூத்துப்போனதுக்கு, மெதுவாக் காயிற தின்னரைத் தண்ணியாத் தெளிச்சுவிடு, பெரும்பாலும் தெளிஞ்சுரும். ஒரு வேலை நடக்காட்டா பொருளைத் திட்டுறது துரைங்க பழக்கம், நமக்கு வேணாம்.

காட்சியகம் போறேங்கிறியே, அதுக்கும் கொஞ்சம் சொல்லணும். சுங்கை பெசி பழைய தளத்துல விமானப்படைக் காட்சியகத்துக்கு நான் போனப்ப சேபர், தெபுவான், ட்வின் பயனியர் எல்லாம் வரிசையா நின்னுச்சு. 2018-ல விமானப்படை அந்தத் தளத்தைவிட்டே கிளம்பிருச்சு, அதனால எது எங்க நிக்குதுன்னு ஃபோன் போட்டுக் கேட்டுட்டுப் போ. சிங்கப்பூர் பாய லேபார் காட்சியகத்துல ஹன்ட்டர், ஸ்ட்ரைக்மாஸ்டர் எல்லாம் இருந்துச்சு, அங்கயும் கேட்டுட்டுப் போ. எங்க போனாலும் முதல்ல மூக்குக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துரு, அந்த அரிப்பு தீரட்டும். அப்புறம் குனி. காட்சியகத்துல பார்க்க வேண்டியது எல்லாம் அடிவயித்துலதான் இருக்கு. சக்கரக் குழிக்குள்ள குழாய் எப்படி ஓடுது, எண்ணெய் எந்தப் பக்கம் வழிஞ்சு கறையாகியிருக்கு, ஏறி இறங்கின இடத்துல பெயிண்ட் எந்த அளவுக்குத் தேய்ஞ்சிருக்கு, ரெண்டு தகடு சேர்ற இடம் மேடா பள்ளமா. உன் பெட்டியில இருக்கிற பிளேன்ல தகட்டுக் கோடெல்லாம் வாய்க்கா ஆழத்துக்கு வெட்டியிருப்பான். நிஜத்துல பாதிக்கு மேல கண்ணுக்கே தெரியாது. அதை நேர்ல பார்த்தவன் கோட்டுக்குக் கோடு கருப்பு மையை ஊத்தமாட்டான்.

நிறத்தை மட்டும் நம்பாத. வெளிய வெயில்லயும் மழையிலயும் நிக்கிற பிளேனுக்குச் சில வருசத்துக்கு ஒரு தடவை யாராவது ஒரு சிப்பாய் கையில கிடைச்ச பச்சையை எடுத்துப் பூசிருவான். அது அசல் நிறம்னு நீ போட்டோ எடுத்துட்டு வந்து மூணு புட்டி கலந்து ராத்திரி பூராவும் முழிக்காத. நம்பரையும் நம்பாத. இங்கிலாந்துல இன்னும் பறக்கிற ஸ்பிட்ஃபயர் ஒண்ணு இருக்கு, பி.எஸ். 915. மலாயா மேல கடைசியாப் பறந்துச்சுன்னு சொன்னேனே அந்த 888, அதோட வேஷத்தை இதுக்குப் போட்டு, கடைசிங்கிற எழுத்தையும் மூக்குல எழுதி, சில வருசம் திருவிழா திருவிழாவாப் பறக்க விட்டாங்க. கூத்துல அர்ச்சுனன் வேஷம் கட்டினவன் ஆளு வேறங்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கும்பிடுவோம்ல. தப்பில்ல. வேஷம்னு தெரிஞ்சுக்கிட்டுக் கும்பிடு.

இந்தியாவுல திருப்பதிக்குப் போறேன்னு உங்கம்மா வேண்டுதல் வெச்சிருக்கா, கூடப் போ. மொட்டை போட்டதும் ராத்திரி பஸ்ஸு ஏறி பெங்களூர்ல இறங்கிரு. அங்க எச்.ஏ.எல். கம்பெனி 2001-ல திறந்த காட்சியகம் இருக்கு. அதுல மாருத்னு ஒரு ஜெட் நிக்கும். உன் ஜெர்மன் வியாதிக்கு அதுதான் மருந்து. நீ ஃபோக்கவுல்ஃப் 190 கட்டியிருக்கல்ல, அதை வரைஞ்ச குர்ட் டாங்க்ங்கிற அதே ஆளு சண்டை முடிஞ்சு பெங்களூருக்கு வந்து உக்காந்து வரைஞ்சது இந்த மாருத். 1961 ஜூன் 17-ல முதல்ல பறந்துச்சு. டில்லிக்கும் போக முடிஞ்சா பாலம் காட்சியகத்துல வாபிட்டி பாரு. 1933-ல இந்திய விமானப்படையோட முதல் படைப்பிரிவைத் தொடங்கினப்ப கையில இருந்தது அந்த ஜாதிதான், நாலே நாலு. மெட்ராஸ்காரன் அதுக்கெல்லாம் முன்னாடி. மவுண்ட் ரோட்டுல ஹோட்டல் நடத்தின டி'ஆஞ்சலிஸ்ங்கிறவரு சிம்சன் பட்டறையில ஒரு பிளேனையே செஞ்சு 1910-ல பல்லாவரத்துல பறந்து காட்டினாரு. சோறு போட்ட காசுல பிளேன். உன்கிட்ட இருக்கிறது பிளேன் காசுல சோறு போடுற திட்டம், அது எந்தக் காலத்துல நடக்கும்?

பொண்ணு பார்க்க வர்றப்ப இதெல்லாம் சொல்லலாமான்னு போன வாரம் கேட்டல்ல. சொல்லு. ஆனா கட்டிலுக்கு அடியில இருக்கிற எண்ணிக்கையைச் சொல்லாத. கட்டி முடிச்ச ஒண்ணைக் கையில கொண்டு போய்க் காட்டு. தூசி துடைக்கிறப்ப ஆண்டெனா உடைஞ்சா கோவிச்சுக்க மாட்டேன்னு முதல்லயே சத்தியம் பண்ணிக் கொடுத்துரு. உடையத்தான் போகுது.

சரி, எனக்கு ஒரு வேலை செஞ்சு தா. ஒரு பயனியர். கடையில பெட்டி அகப்படலைன்னா, மரத்துல செதுக்கு, அந்தக் காலத்துல செதுக்கலையா? கோட்டைப் புல்தளத்துல இறங்கி நிக்கணும். எஞ்சின் புகை வயித்துப் பக்கம் கறுத்துப் பிடிச்சிருக்கணும், சக்கரத்துல செம்மண் அப்பியிருக்கணும். பளபளன்னு கொண்டாந்தா வாங்க மாட்டேன். பெயிண்ட் காசு நான் தரேன், மரம் உன் பொறுப்பு. ஓரத்துல தேயிலைச் செடி ரெண்டு வரிசை, அரை இஞ்சு உயரம். தெலானோக்குல ஏதுடா தேயிலைன்னு கேக்காத, அது எனக்கும் தெரியும், என் காசு. செடிக்கு நடுவுல கூடையோட ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கணும். முகமெல்லாம் வேணாம், அந்த அளவுல யாருக்கும் தெரியாது. மூக்குத்தி மட்டும் இருக்கணும், இடது பக்கம். எப்படிப் போடுறதுன்னு எங்கிட்ட வந்து நிக்காத, ரிவெட்டு எண்ணுறவன் நீதானே. உங்க பாட்டிகிட்ட இப்ப வாயைத் திறக்காத, கட்டி முடிச்சதும் யாரு சாயல்னு அவளே சொல்லட்டும்.